ராஷ் பிஹாரி போஸ்

ராஷ் பிஹாரி போஸ் (மே 25, 1886 – ஜனவரி 21, 1945) இந்திய விடுதலைப் போராட்ட வீரர்களுள் ஒருவர். வங்காளத்தில் பிறந்து, பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த சந்தன்நகரில் வளர்ந்து, வாழ்வின் பிற்பாதி முழுவதையும் ஜப்பானில் கழித்தவர். வைசிராய் ஹார்டிஞ்ச் பிரபு மீது 1912-இல் தில்லியில் நடந்த குண்டு வீச்சுக்கும், 1915-இல் திட்டமிடப்பட்ட படைவீரர் எழுச்சிக்கும் பின்னணியில் இருந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்காசியாவில் இந்திய சுதந்திர லீக்கிற்குத் தலைமை ஏற்று, பின்னர் அதனைச் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். இருவருக்கும் பெயரில் ஒற்றுமை உண்டே தவிர உறவு ஏதும் இல்லை.

இந்தியாவில் இவர் ஒரு புரட்சியாளராக அறியப்படுகிறார். ஜப்பானில் நிலைமை வேறு. டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் உள்ள நகாமுராயா என்னும் ரொட்டி, இனிப்புக் கடையின் மருமகனாகவும், அக்கடையின் புகழ்பெற்ற இந்தியக் கறியை அறிமுகம் செய்தவராகவுமே பலர் இவரை அறிவர். டோக்கியோ செல்வோர் வாங்கி வரும் தின்பண்டங்களின் வரிசையில் நகாமுராயாவின் பொதிகளும் உண்டு. அவற்றுக்குப் பின்னால் தூக்குமேடைக்குத் தப்பிய ஓர் இந்தியரின் கதை இருப்பதை நம்மவர் பெரும்பாலும் அறிவதில்லை.

பிறப்பும் இளமையும்

வங்காளத்தின் வர்தமான் மாவட்டத்தில் உள்ள சுபல்தஹா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வினோத் பிஹாரி போஸ். இளமைக் கல்வியைச் சந்தன்நகரில் டூப்ளே கல்லூரியில் பெற்றார். கொல்கத்தாவுக்கு வடக்கே ஊக்ளி ஆற்றங்கரையில் உள்ள சந்தன்நகர் அப்போது பிரெஞ்சு இந்தியாவின் ஒரு பகுதி. காரைக்கால், மாகி, ஏனாம் ஆகியவற்றைப் போலவே அதுவும் புதுச்சேரியில் இருந்த ஆளுநரின் ஆட்சிக்கு உட்பட்டது.

ஆங்கிலேயக் காவல்துறை இந்த ஊர்களுக்குள் பிரெஞ்சு அதிகாரிகளின் இசைவின்றி நுழைய முடியாது. இதனால் அரசியல் காரணங்களுக்காகத் தேடப்பட்டவர்களுக்கு இவை புகலிடமாயின. சுப்பிரமணிய பாரதியார் 1908-இலும், வ. வே. சு. ஐயர் 1910-இலும் புதுச்சேரிக்கு வந்தது இதனாலேயே. அரவிந்தர் 1910 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து முதலில் சந்தன்நகருக்குச் சென்று மோதிலால் ராய் என்பவரின் ஆதரவில் மறைந்திருந்தார். பின்னர் கப்பலேறி அதே ஆண்டு ஏப்ரல் 4 அன்று புதுச்சேரி வந்து சேர்ந்தார். ராஷ் பிஹாரி போஸ் நெருங்கிப் பழகிய சந்தன்நகர்க் குழுவும் இந்த மோதிலால் ராயைச் சுற்றி அமைந்ததே.

போஸ் பின்னர் டேராடூன் வன ஆய்வு நிறுவனத்தில் தலைமை எழுத்தராகப் பணியாற்றினார். அரசு ஊழியர் என்னும் போர்வை அவருக்கு நன்கு பயன்பட்டது.

தில்லி குண்டு வீச்சும் லாகூர்த் திட்டமும்

தலைநகரம் கொல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்பட்டதை ஒட்டி டிசம்பர் 23, 1912 அன்று ஹார்டிஞ்ச் பிரபு யானை மீதமர்ந்து சாந்தினி சவுக் வழியே ஊர்வலமாக வந்தார். அப்போது அவர் மீது குண்டு வீசப்பட்டது. வைசிராய் காயமடைந்தார், அவருக்குக் குடை பிடித்திருந்த பணியாளர் உயிரிழந்தார். குண்டை வீசியவர் பசந்த குமார் பிஸ்வாஸ். திட்டம் போஸுடையது. போஸ் அன்றிரவே தொடர்வண்டியில் டேராடூன் திரும்பி வழக்கம்போல் அலுவலகம் சென்றதோடு, அந்நிகழ்வைக் கண்டித்து நடந்த கூட்டத்தையும் முன்னின்று நடத்தினார். பிஸ்வாஸ், அமீர் சந்த், அவத் பிஹாரி, பால் முகுந்த் ஆகிய நால்வரும் 1915-இல் தூக்கிலிடப்பட்டனர். போஸைத் தேடி 1914-இல் சந்தன்நகரிலும் சோதனை நடந்தது, அவர் அகப்படவில்லை.

முதல் உலகப்போர் தொடங்கியபின் கதர் கட்சியினரோடு சேர்ந்து, வட இந்தியப் படைமுகாம்களில் ஒரே நாளில் கிளர்ச்சி தொடங்க அவர் திட்டமிட்டார். முதலில் குறிக்கப்பட்ட நாள் பிப்ரவரி 21, 1915. உளவாளி ஒருவர் ஊடுருவியது தெரிந்ததும் நாள் 19-க்கு மாற்றப்பட்டது. அதுவும் முன்கூட்டியே வெளிப்பட்டுவிட்டது. விஷ்ணு கணேஷ் பிங்களே உள்ளிட்ட பலர் தூக்கிலிடப்பட்டனர். இரு முறையும் உடன் இருந்தோர் உயிரிழக்க, தலைவர் தப்பினார் என்பது இவர் வாழ்வில் நெருடலான உண்மை.

கப்பல் பயணம்

இரவீந்திரநாத் தாகூர் ஜப்பான் செல்லவிருந்த செய்தி அப்போது நாளிதழ்களில் வந்துகொண்டிருந்தது. போஸ் தம்மைத் தாகூரின் உறவினர் பி. என். தாகூர் என்று காட்டிக்கொண்டு மே 12, 1915 அன்று கொல்கத்தாவில் சனுகி மாரு என்னும் ஜப்பானியக் கப்பலில் ஏறினார். கப்பல் சிங்கப்பூர் வழியே சென்றது. சில மாதங்களுக்கு முன் இந்தியப் படைவீரர் கலகம் செய்து ஒடுக்கப்பட்டிருந்த துறைமுகம் அது. ஜூன் தொடக்கத்தில் கோபே துறைமுகம் அடைந்து, அங்கிருந்து டோக்கியோ சென்றார்.

டோக்கியோவில் சீனப் புரட்சித் தலைவர் சன் யாட் சென்னுடன் பழக்கம் ஏற்பட்டது. அவர் வழியாக, ஜப்பானியத் தேசியவாதிகளிடையே பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த தோயாமா மித்சுருவின் அறிமுகம் கிடைத்தது. ஆனால் ஜப்பான் 1902 முதல் பிரித்தானியாவின் நட்பு நாடு. 1915 நவம்பர் இறுதியில் லாலா லஜபத் ராயும் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் பிரித்தானிய எதிர்ப்புப் பேச்சுகள் எழுந்ததும், தூதரகம் நெருக்குதல் தந்தது. போஸும் அவருடன் இருந்த ஹேரம்ப லால் குப்தாவும் டிசம்பர் 2-க்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. அதற்குள் புறப்படக்கூடிய கப்பல்கள் ஆங்கிலேயர் வசமிருந்த துறைமுகங்களைத் தொடுபவை. ஏறினால் கைது உறுதி.

நகாமுராயாவில் தலைமறைவு

நகாமுராயா என்பது டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் எதிரே ஹோங்கோவில் இருந்த ஒரு சிறு ரொட்டிக் கடை. சோமா ஐசோ, அவர் மனைவி சோமா கொக்கோ இருவரும் 1901-இல் அதனை விலைக்கு வாங்கிப் பழைய பெயரிலேயே நடத்தினர். 1904-இல் ரொட்டிக்குள் பாலேடு, முட்டை சேர்த்த இனிப்புக் குழம்பை வைத்துச் செய்த கிரீம் ரொட்டி அவர்களுக்குப் பெயர் தந்தது. அதுவரை ஜப்பானில் இனிப்பு ரொட்டி என்றால் பெரும்பாலும் பயற்றுப் பூரணம் வைத்ததே. 1909-இல் கடை ஷின்ஜுகுவில் இப்போதுள்ள இடத்திற்கு மாறியது. கொக்கோ இலக்கிய ஈடுபாடு உடையவர். சிற்பி ஒகிவாரா ரொகுசான் முதலான கலைஞர்கள் அவ்வீட்டிற்கு வந்து தங்கினர். அவர்களுக்காகப் பின்கட்டில் ஓவியக்கூடம் ஒன்றும் இருந்தது.

வெளியேற்ற ஆணையைச் செய்தித்தாளில் படித்த ஐசோ, கடைக்கு வந்த செய்தியாளர் ஒருவரிடம், இப்படிப்பட்டவரைத் தம் கடை போன்ற இடத்தில் மறைத்து வைப்பதே எளிது என்ற பொருளில் பேசினார். பேச்சுவாக்கில் சொன்னது தோயாமாவின் காதுக்கு எட்டியது. டிசம்பர் 1 இரவு போஸும் குப்தாவும் விடைபெறும் பாவனையில் தோயாமாவின் வீட்டிற்குச் சென்றனர். வாயிலில் காவலர்கள் காத்திருந்தனர். இருவரின் காலணிகளும் வாயிலிலேயே இருந்தன. அவர்கள் கொல்லைப்புறமாக வெளியேறி, தயாராக நின்ற மோட்டார் வண்டியில் ஷின்ஜுகு சென்றதைக் காவலர்கள் உணர நெடுநேரம் ஆயிற்று.

பின்கட்டு ஓவியக்கூடமே மறைவிடமாயிற்று. முன்புறம் நாள் முழுதும் வாடிக்கையாளர் கூட்டம். பின்புறம் நாடு முழுதும் தேடப்பட்ட இருவர். ஐசோ கடைப் பணியாளர்களை அழைத்து உண்மையைக் கூறி, வெளியே சொல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். மாதக் கணக்கில் ஒருவர் கூட வாய் திறக்கவில்லை. காட்டிக்கொடுப்பவர்களால் லாகூரில் எல்லாவற்றையும் இழந்த ஒருவருக்கு, மொழி தெரியாத ஊரின் ரொட்டிக் கடைப் பணியாளர்கள் அளித்த இந்தக் காப்பு சிறியதன்று. குப்தா அடைபட்டிருக்க இயலாமல் இடையிலேயே வெளியேறினார். அவருக்குப் புகலிடம் கொடுத்தவர் ஒகாவா ஷூமே. மீரா அல்பாசாவும் (பின்னாளில் புதுச்சேரி ஆசிரமத்தின் அன்னை) பால் ரிஷாரும் 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்தபோது அவர்களுடன் நெருங்கிப் பழகியவரும் இதே ஒகாவா என்பது கருதத்தக்கது.

இதற்கிடையே பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று ஜப்பானியப் பயணிகள் கப்பலை நிறுத்தி, அதிலிருந்த இந்தியர்களைப் பிடித்துச் சென்றது. ஜப்பானியரின் சினம் பொங்கவே, 1916-இல் வெளியேற்ற ஆணை கைவிடப்பட்டது. எனினும் பிரித்தானிய உளவாளிகளின் தேடல் ஓயவில்லை. போஸ் அடிக்கடி வீடு மாறியே வாழ வேண்டியிருந்தது.

தொஷிகோ

இந்நிலையில் அவருக்கு உடனிருந்து உதவ நம்பிக்கையான துணை தேவை என்று கருதிய தோயாமா, சோமா குடும்பத்தின் மூத்த மகள் தொஷிகோவை மணம் முடிக்க முன்மொழிந்தார். தொஷிகோ ஆங்கிலம் கற்றவர். ஓவியர் நகாமுரா த்சுனே முன்பே அவரை விரும்பி மணக்கக் கேட்டிருந்தார், பெற்றோர் இசையவில்லை. அவர் தொஷிகோவை வரைந்த ஓவியங்கள் ஜப்பானிய நவீன ஓவியத்தில் இடம்பெற்றுள்ளன. போஸ்–தொஷிகோ திருமணம் 1918 ஜூலையில் தோயாமாவின் வீட்டில் வெளியே தெரியாமல் நடந்தது. 1920-இல் மகன் மசஹிதேயும் 1922-இல் ஒரு மகளும் பிறந்தனர். 1923-இல் போஸ் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். அதன்பின்னரே குடும்பம் ஒளிவின்றி வாழ முடிந்தது. அந்த வாழ்வு இரண்டாண்டு கூட நீடிக்கவில்லை. தொஷிகோ மார்ச் 1925-இல் நுரையீரல் அழற்சியால் இறந்தார். போஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

இந்தியக் கறி

1920களின் நடுவில் மித்சுகோஷி என்னும் பெரிய பல்பொருள் அங்காடி ஷின்ஜுகுவில் கிளை திறக்க, நகாமுராயாவின் விற்பனை சரிந்தது. வாடிக்கையாளர் அமர்ந்து உண்ணும்படி ஒரு சிற்றுண்டிச் சாலை தொடங்குவது பற்றி ஐசோ எண்ணியபோது, இந்தியக் கறியை அங்கே பரிமாறலாம் என்று சொன்னவர் போஸ். சிற்றுண்டிச் சாலை 1927 ஜூனில் திறக்கப்பட்டது.

ஜப்பானில் கறி அதற்கு முன்பே பரவியிருந்தது. ஆனால் அது இங்கிலாந்து வழியே வந்தது. ஆங்கிலேயர் புட்டியில் அடைத்து விற்ற மசாலாப் பொடியைக் கோதுமை மாவுடன் வறுத்துக் கூழாக்கிச் சோற்றின்மேல் ஊற்றுவர். தம் நாட்டை ஆள்பவர்களின் கைபட்டு மாறிய இந்த உணவை இந்திய உணவென்று ஜப்பானியர் நம்புவதைப் போஸால் ஏற்க இயலவில்லை. எலும்புடன் கூடிய கோழித் துண்டுகள், தயிர், வெண்ணெய், தனித்தனியே சேர்க்கப்படும் மசாலைகள் என அவர் கற்பித்த முறை முற்றிலும் வேறானது. பெயரிலும் இவ்வேறுபாடு தெரியும். ஜப்பானியர் பொதுவாக ஆங்கிலச் சொல்லை ஒட்டிக் கரே என்பர். நகாமுராயாவின் உணவுப் பட்டியலில் அது காரீ என்றே எழுதப்படுகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் தமிழின் கறி என்பதால், ஒரு வங்காளியின் வழியே ஷின்ஜுகுவில் அச்சொல் தன் பழைய ஒலிக்குச் சற்று நெருங்கிற்று எனலாம். (புதுச்சேரி வடவம் பிரெஞ்சுச் சமையலறையில் வடூவான் என்னும் பொடியாக மாறியதும் இதே போன்ற கதையே, திசை மட்டும் வேறு.)

நடைமுறையில் விட்டுக்கொடுத்தலும் இருந்தது. உதிரியான இந்திய அரிசிச் சோறு ஜப்பானியருக்குப் பிடிக்கவில்லை. பிசுபிசுப்பான உள்ளூர் அரிசியோ குழம்புக்கு ஒத்துவரவில்லை. இறுதியில் ஷிரோமே என்னும் உயர்வகை ஜப்பானிய அரிசி தேர்ந்தெடுக்கப்பட்டது. நல்ல கோழிக்காகக் கடை சொந்தமாகப் பண்ணை நடத்தியது. மசாலை மணமும் எலும்புத் துண்டுகளும் முதலில் வந்தோரை மிரள வைத்தன. விலையும் குறைவன்று: வெளியே 10 அல்லது 12 சென்னுக்குக் கறிச்சோறு கிடைத்தபோது இங்கே 80 சென். இருந்தும் கூட்டம் வந்தது. விளம்பரங்கள் அதனைக் காதலும் புரட்சியும் கலந்த சுவையாகப் போற்றின. கேட்க இனிமையாக இருப்பினும், தொஷிகோ அந்தச் சிற்றுண்டிச் சாலையைப் பார்க்கவே இல்லை.

கடையின் பிற பண்டங்கள்

நகாமுராயாவின் பண்டங்கள் பலவும் இவ்வாறே அயலவரோடு கொண்ட தொடர்பால் வந்தவை. கறியுடன் அதே ஆண்டு அறிமுகமான பீட்ரூட் சூப், அவ்வீட்டில் தங்கியிருந்து 1921-இல் நாடு கடத்தப்பட்ட பார்வையற்ற உருசிய எழுத்தாளர் எரோஷென்கோவின் நினைவைத் தாங்கியது. பணியாளரின் சீருடையும் உருசியச் சட்டையாயிற்று. சோமா தம்பதியர் 1925-இல் சீனாவில் பயணம் செய்து கண்ட இரண்டு பண்டங்கள் 1927-இல் விற்பனைக்கு வந்தன. ஒன்று ஆவியில் வேகவைத்த சீன உருண்டை ரொட்டி: பன்றி இறைச்சி வைத்தது, பயற்றுப் பூரணம் வைத்தது என இரு வகை. நமது பூரணக் கொழுக்கட்டையின் கோதுமை உறவினர் என்று பின்னதைச் சொல்லலாம். குளிர்காலத்தில் சுடச்சுட உண்பதற்குரியது, ஊருக்கு எடுத்துவர ஏற்றதன்று. மற்றொன்று கெப்பே எனப்படும் நிலாப் பணியாரம். சீனத்தில் இலையுதிர்கால விழாவுக்கு மட்டும் உரிய அதனை, ஜப்பானியர் சுவைக்கேற்ப இனிப்பைக் குறைத்து ஆண்டு முழுதும் விற்கலாயினர்.

பயணிகள் எளிதில் கொண்டுவரக் கூடியது காரின்தோ. கோதுமை மாவைக் கம்பிகளாகத் திரித்து எண்ணெயில் பொரித்து, கருஞ்சர்க்கரைப் பாகில் புரட்டிய மொறுமொறுப்பான பண்டம். திருநெல்வேலிப் பக்கத்துக் கருப்பட்டிச் சேவை அறிந்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. உறையில் அடைத்த இந்தியக் கறியும் ஜப்பானியக் கடைகளில் கிடைக்கிறது. வெந்நீரில் உறையோடு சூடாக்கி உண்ணலாம். பெயரில் இந்தியா இருந்தாலும் வழக்கமான வகை கோழி சேர்ந்தது என்பதைச் சைவ உணவினர் கவனிக்க வேண்டும்.

இந்திய சுதந்திர லீக்

போஸ் ஜப்பானிய மொழியில் நன்கு தேர்ந்து, இந்தியாவைப் பற்றிப் பல நூல்களும் கட்டுரைகளும் எழுதினார். 1926-இல் நாகசாகியில் நடந்த ஆசிய மக்கள் மாநாட்டில் கலந்துகொண்டார். அக்காலத்தில் சீனாவிடம் ஜப்பான் நடந்துகொண்ட முறையைக் குறைகூறவும் அவர் தயங்கவில்லை. ஆனால் 1930களில் அந்தக் குரல் மங்கியது. ஜப்பானின் படையெடுப்புகளை ஆசியாவின் விடுதலைக்கான போராகவே அவர் விளக்கலானார். தம்மைக் காத்தவர்களே அப்படையெடுப்புகளை ஆதரித்த வட்டத்தினராக இருந்தது இதற்கு ஒரு காரணம். நகஜிமா தகேஷி 2005-இல் வெளியிட்ட வரலாற்று நூல் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்கிறது. கொரிய, சீன மக்களின் நோக்கில் இது எளிதில் மன்னிக்கத்தக்கது அன்று.

1942 மார்ச்சில் டோக்கியோவிலும் ஜூனில் பாங்காக்கிலும் நடந்த மாநாடுகளுக்குப் பின் போஸ் இந்திய சுதந்திர லீக்கின் தலைவரானார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் பெருந்தொகையாக இவ்வியக்கத்திலும் இந்திய தேசிய இராணுவத்திலும் சேர்ந்தனர். ஆனால் முதல் இராணுவத்தின் தளபதி மோகன் சிங், ஜப்பானியரின் நோக்கத்தை ஐயுற்று முரண்பட்டார். 1942 டிசம்பரில் கைது செய்யப்பட்டார். ஜப்பானிய மருமகன் என்பதாலேயே போஸைத் தென்கிழக்காசிய இந்தியர் பலர் முழுதும் நம்பவில்லை. ஒரு காலத்தில் உயிர் காத்த உறவு இப்போது குறையாகச் சுட்டப்பட்டது. ஜூலை 4, 1943 அன்று சிங்கப்பூரில் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்துவிட்டு ஆலோசகராக ஒதுங்கினார்.

இறப்பும் நினைவும்

காசநோயால் நலிவுற்றிருந்த போஸ் ஜனவரி 21, 1945 அன்று டோக்கியோவில் காலமானார். ஜப்பானிய அரசு அவருக்கு உதய சூரியன் விருது வழங்கியது. அவ்வாண்டு மே மாத வான்தாக்குதலில் நகாமுராயாவின் கட்டிடம் எரிந்தது. ஜூன் மாதம் ஒகினாவா போரில் அவர் மகன் மசஹிதே ஜப்பானியப் படைவீரராக உயிரிழந்தார். போஸும் தொஷிகோவும் டோக்கியோவின் தாமா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். இந்திய அஞ்சல்துறை 1967-இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

அவருடன் பணியாற்றிய திருவனந்தபுரத்துக்காரரான ஏ. எம். நாயர் 1949-இல் டோக்கியோவின் கின்சா பகுதியில் ஓர் உணவகம் தொடங்கினார். நகாமுராயா போருக்குப் பின் மீண்டும் எழுந்து இயங்கிவருகிறது. ஷின்ஜுகுவில் அதன் புதிய கட்டிடம் 2014-இல் திறக்கப்பட்டது. அதன் நிலத்தடித் தளத்தில் உள்ள மன்னா என்னும் உணவகத்தில் போஸ் கற்பித்த கறி பரிமாறப்படுகிறது. சோமா குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்த கலைஞர்களின் ஆக்கங்களுக்காக மூன்றாம் தளத்தில் ஓர் அருங்காட்சியகமும் அவ்வாண்டே தொடங்கப்பட்டது.